“இதுல பில்ட் எல்லாம் ஆகாதுடா”: ராயகிரியில் ஒரு பழைய லேப்டாப்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன். திரும்பத் திரும்பச் சொன்னதையும் “ம்ம்”, “அதாவது”களையும் மட்டும் நீக்கியிருக்கிறேன். கட்டளைகளை உச்சரித்தபடியே எழுதியிருக்கிறேன்.)

[00:00] தொடக்கம்

இந்த எபிசோடை ராயகிரியில் இருந்து பதிவு பண்றேன். தென்காசி மாவட்டம், சிவகிரிக்குப் பக்கத்துல இருக்கிற பேரூராட்சி. என் சித்தி வீடு இங்கதான். பின்னால ஃபேன் சத்தமும் ஆட்டுச் சத்தமும் கேட்டா பொறுத்துக்கோங்க.

இன்னிக்கு விஷயம் இதுதான்: ஒரு கட்டற்ற மென்பொருளோட மூல நிரலை எடுத்து, நம்ம கணினியிலேயே கட்டி, ஓட்டிப் பார்க்கிறதுக்கு என்ன ஏற்பாடு வேணும்? டெவலப்மென்ட் என்விரான்மென்ட் செட்டப்னு சொல்வோமே, அது.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேட்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷத்துக்கு மேல ஆகுது. முதல் நாள் எனக்கு ஒரு லேப்டாப் கொடுத்தாங்க. ஒரு ஸ்கிரிப்டை ஓட்டச் சொன்னாங்க. காபி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள எல்லாம் தயார். அந்த ஸ்கிரிப்டை எழுதினவர் யாரு, அதுக்குள்ள என்ன இருக்கு, எதுவும் எனக்குத் தெரியாது. அதனால ரொம்ப நாள் வரைக்கும், யாரோ போட்டு வச்ச பாதையில மட்டும்தான் நான் வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன். பாதை இல்லாத இடத்துல நிறுத்தினா எனக்கும் ஒண்ணும் தெரியாது. இதை முதல்லயே ஒத்துக்கிறேன், ஏன்னா இந்தக் கதையில தப்பு பண்ணது நான்தான்.

[02:40] நான் கொடுத்த தீர்ப்பு

தமிழ்நாடு அரசு 2011இல் ஆரம்பிச்ச இலவச மடிக்கணினித் திட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிளஸ் டூ படிக்கும்போது எனக்கும் ஒண்ணு கிடைச்சுது. அதுல விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் லினக்ஸ்ங்கிறது சி-டாக் நிறுவனம் உருவாக்கினது, டெபியனை அடிப்படையா வச்சது. நாங்க எல்லாரும் என்ன பண்ணோம்? முதல் வாரமே லினக்ஸ் இருந்த பகுதியை அழிச்சிட்டு அந்த இடத்துல சினிமா ஏத்திக்கிட்டோம். ஒரு முழு டெவலப்மென்ட் கணினியை அரசாங்கமே கையில கொடுத்திருந்தது. அதைச் சொல்லித்தர ஆள் இல்லை, கேட்கணும்னு எங்களுக்கும் தோணலை.

இன்ஜினியரிங் கடைசி வருஷம் அதே லேப்டாப்ல ரேமை 4 ஜிபி ஆக்கி, டெபியன் போட்டு, ஒரு பெரிய கட்டற்ற மென்பொருளைக் கட்டிப் பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். பெயர் வேண்டாம், தப்பு அதோடது இல்லை. லட்சக்கணக்கான வரி நிரல். ராத்திரி கட்டளையைக் கொடுத்துட்டுத் தூங்கிட்டேன். காலையில பார்த்தா திரையில ஒரே ஒரு வரி: “கில்டு”. கொல்லப்பட்டதுன்னு அர்த்தம். யார் கொன்னா, ஏன் கொன்னான்னு நான் தேடவே இல்லை. “இந்த மெஷின்ல இதெல்லாம் ஆகாது”ன்னு மூடி வச்சிட்டேன்.

அப்புறம் அந்த லேப்டாப்பை சித்தி பையனுக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கேன்: “டைப்பிங் பழகு, பைத்தான் பழகு. இதுல பில்ட் எல்லாம் ஆகாதுடா.”

அவன் இப்போ கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாவது வருஷம். போன மாசம் இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு நேர்காணல் போயிருக்கான். ரெஸ்யூமேல “ஓப்பன் சோர்ஸ் கான்ட்ரிபியூட்டர்”னு போட்டிருக்கான். பொய் இல்லை. நாலைந்து புராஜெக்ட்ல ரீட்மீ கோப்புல எழுத்துப்பிழை திருத்தியிருக்கான், அதையெல்லாம் ஏத்துக்கிட்டும் இருக்காங்க. எதிர்ல இருந்தவங்க ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்காங்க: “இதுல எதையாவது உங்க மெஷின்ல பில்ட் பண்ணிப் பார்த்தீங்களா?” இவன், “இல்லைங்க, என் லேப்டாப்ல ஆகாது”ன்னு சொல்லியிருக்கான்.

திண்ணையில உட்கார்ந்து இதைச் சொல்லிட்டு, “நீங்கதானண்ணே சொன்னீங்க, ஆகாதுன்னு” அப்படின்னான். குத்தம் சொல்ற குரல்ல சொல்லலை. வானிலை சொல்ற மாதிரி சொன்னான். எனக்கு அதுதான் உறுத்திச்சு. நான் ஒரு ராத்திரி முயற்சி பண்ணிட்டுச் சொன்ன தீர்ப்பை இவன் ரெண்டு வருஷமா சட்டமா வச்சிருக்கான்.

தென்காசிப் பக்கம்னாலே இப்போ மத்தளம்பாறை ஜோஹோ எல்லாருக்கும் தெரியும். 2011லயே அங்க அலுவலகம் வந்தாச்சு. இந்த மலையடிவாரத்துல மென்பொருள் எழுதுறது இன்னிக்கு அதிசயம் இல்லை. அப்படியிருக்க, “பெரிய மெஷின் வேணும், பெரிய ஊர் வேணும்”ங்கிற எண்ணம் இவன்கிட்ட இருக்கிறதுக்குப் பாதிக் காரணம் நான். சரி, சனி ஞாயிறு ரெண்டு நாள் இருக்கு, அதே லேப்டாப்ல உட்காருவோம்னு முடிவு பண்ணோம்.

[06:50] முதல் கேள்வி: எதைக் கட்டுறது?

நான் முன்னாடி பண்ண தப்பு இங்கதான் ஆரம்பிச்சுது. எனக்குப் பிடிச்ச மென்பொருளை எடுத்தேன். என் கணினி தாங்குமான்னு பார்க்கலை. உலாவி, ஆபீஸ் தொகுப்பு மாதிரி விஷயங்களை 4 ஜிபி ரேம்ல கட்ட முயற்சி பண்றது, முதல் நாள் நீச்சலுக்குக் குற்றால மெயின் அருவிக்கு அடியில நிக்கிற மாதிரி.

இந்தத் தடவை நாங்க எடுத்தது ஹார்ஃப்பஸ். கேள்விப்படாதவங்களுக்கு: நீங்க திரையில தமிழ் படிக்கிறீங்கன்னா, பெரும்பாலும் அதுக்கு அடியில இது ஓடிக்கிட்டு இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபீஸ் எல்லாத்துலயும் இருக்கு. வேலை என்னன்னா, யூனிகோடு எண்களா வர்ற உரையை வாங்கி, எழுத்துருவுல இருக்கிற எந்தெந்த உருவத்தை எந்த வரிசையில வைக்கணும்னு முடிவு பண்றது. இதை ஷேப்பிங்னு சொல்வாங்க. இதோட முதன்மை ஆசிரியர் பெஹ்தாத் எஸ்ஃபாபோத், ஈரானைச் சேர்ந்தவர். ஹார்ஃப்பஸ்ங்கிற பெயரே ஓப்பன்டைப்ங்கிறதோட பாரசீக வடிவம், “திறந்த எழுத்து”ன்னு அர்த்தம்.

இதை ஏன் எடுத்தோம்னா மூணு காரணம். ஒண்ணு, சின்னது. சார்பு நூலகங்கள் குறைவு. ரெண்டு, தமிழ் இதுக்குள்ள நேரடியா இருக்கு, நமக்குத் தெரிஞ்ச விஷயத்தை வச்சே சோதிச்சுப் பார்க்கலாம். மூணு, கூடவே கட்டளைக் கருவிகள் வருது. பொத்தான், ஜன்னல் எதுவும் இல்லாம முனையத்துலயே முடிவு தெரியும்.

[09:10] என்னென்ன வேணும்?

செட்டப்னு சொன்னா ஏதோ மந்திரம் மாதிரி தெரியும். பிரிச்சுப் பார்த்தா ஐந்தே சாமான்: நிரலைக் கொண்டுவர கிட், மொழிபெயர்க்க ஒரு கம்பைலர், எதுக்கு அப்புறம் எதைக் கட்டணும்னு மேற்பார்வை பார்க்க ஒரு பில்ட் கருவி, சார்பு நூலகங்களோட தலைப்புக் கோப்புகள், அப்புறம் ஒரு எடிட்டர். ஹார்ஃப்பஸுக்குக் கம்பைலர் ஜி++. பில்ட் கருவி ரெண்டு பேர்: மெசான் திட்டம் போடும், நிஞ்ஜா வேலை செய்யும். மேஸ்திரியும் கொத்தனாரும் மாதிரி.

விண்டோஸ் வச்சிருக்கிறவங்க டபிள்யூ.எஸ்.எல். போட்டு அதுக்குள்ள உபுண்டுவை ஏத்திக்கிட்டா இதே வழிதான். ரேம் 8 ஜிபி இருந்தா நிம்மதியா ஓடும். 4 ஜிபின்னா நேரா லினக்ஸ் போடுறதுதான் நல்லது, ரெண்டு இயங்குதளத்தை ஒரே சமயத்துல அது சுமக்க வேண்டாம். எங்க லேப்டாப்ல டெபியனும் எக்ஸ்.எஃப்.சி.இ. டெஸ்க்டாப்பும் இருந்தது. பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துட்டு நான் எஸ்.எஸ்.டி. வாங்கிட்டு வந்திருந்தேன், ராத்திரியே மாத்திட்டோம். பழைய லேப்டாப்புக்கு ஒரே ஒரு செலவுதான் பண்ண முடியும்னா இதைப் பண்ணுங்க.

முதல் கட்டளை, கிட் க்ளோன். இங்க ஒரு சிக்கனம் இருக்கு. சித்தி வீட்டுல வைஃபை கிடையாது, போன் ஹாட்ஸ்பாட்தான். ஒரு புராஜெக்டோட பத்துப் பதினைஞ்சு வருஷ வரலாறு முழுக்க இறக்கத் தேவையில்லை. கட்டளையில “மைனஸ் மைனஸ் டெப்த் 1”னு சேர்த்தா இன்னிக்கு இருக்கிற நிலை மட்டும் இறங்கும். பின்னால வரலாறு வேணும்னா “கிட் ஃபெட்ச் மைனஸ் மைனஸ் அன்ஷாலோ” போட்டு மிச்சத்தை வாங்கிக்கலாம்.

அடுத்து தலைப்புக் கோப்புகள். புதுசா வர்றவங்க அதிகம் விழுற குழி இது. தம்பி கேட்டான், “அண்ணே, ஜிலிப் ஏற்கனவே கம்ப்யூட்டர்ல இருக்கே, எதுக்குத் திரும்பவும் போடச் சொல்லுது?” நல்ல கேள்வி. டெஸ்க்டாப் ஓடுறதுக்கு வேண்டிய நூலகம் இருக்கு, ஆனா அதை வச்சு இன்னொண்ணைக் கட்டுறதுக்கு வேண்டிய தலைப்புக் கோப்பு இல்லை. கிணத்துக்குள்ள மோட்டார் கிடக்கு, மேல ஸ்டார்ட்டர் பெட்டி இல்லைன்னா எப்படித் தண்ணி எடுப்ப? டெபியன், உபுண்டுல அந்த ஸ்டார்ட்டர் பெட்டி தனிப் பொதியா வரும், பெயரோட கடைசியில “மைனஸ் டெவ்”னு இருக்கும். ஃபெடோராவுல “மைனஸ் டெவெல்”. ஏதாவது தலைப்புக் கோப்பு கிடைக்கலைன்னு பிழை வந்தா, பத்துக்கு ஒன்பது தடவை உங்ககிட்ட அந்த “டெவ்” பொதி இல்லைன்னுதான் அர்த்தம்.

[12:30] பிழையே வராத பிழை

சனிக்கிழமை மதியம். நான் வேணும்னே ஒண்ணும் சொல்லிக் கொடுக்காம, “நீயே ஓட்டு”ன்னு விட்டேன். ஜி++, மெசான், நிஞ்ஜா போட்டான். “மெசான் செட்டப் பில்ட்” கொடுத்தான். நிறைய வரி ஓடிச்சு, சிவப்பு எதுவும் இல்லை. நிஞ்ஜா ஓட்டினான். முடிஞ்சுது. “ஆயிருச்சுண்ணே!”ன்னு எந்திரிச்சே நின்னுட்டான்.

சரி, ஹெச்.பி. ஷேப் கருவியை ஓட்டுன்னேன். அது “பில்ட்” கோப்புறைக்குள்ள “யூட்டில்”ங்கிற இடத்துல இருக்கணும். போய்ப் பார்த்தா கருவியே இல்லை. பையன் முகம் வாடிப்போச்சு. “பாத்தீங்களா, நம்ம லேப்டாப்ல ஆகாது.”

என்ன நடந்ததுன்னா, ஹெச்.பி. ஷேப் கட்ட ஜிலிப் வேணும். படமா வரைஞ்சு காட்டுற ஹெச்.பி. வியூ கருவிக்கு கெய்ரோவும் வேணும். நூலகத்துக்கு இது ரெண்டும் கட்டாயம் இல்லை. அதனால மெசான் தேடிப் பார்க்கும், இருந்தா சேர்த்துக்கும், இல்லைன்னா பேசாம விட்டுட்டு மிச்சத்தைக் கட்டும். இது குறை இல்லை, அப்படித்தான் வடிவமைச்சிருக்காங்க. ஏன்னா போனுக்குக் கட்டுறவங்களுக்கு அந்தக் கருவிகள் தேவையே இல்லை. ஆனா நமக்கு? பிழையே வராம ஒரு பிழை.

திரும்ப மேல போய்ப் பார்த்தோம். மெசான் கடைசியில ஒரு சுருக்கம் போட்டிருந்தது. ஃப்ரீடைப்: நோ. ஜிலிப்: நோ. கெய்ரோ: நோ. எல்லாம் அங்கதான் எழுதியிருக்கு. சிவப்பா இல்லைங்கிறதால இவன் படிக்கலை. உண்மையைச் சொன்னா, முன்னாடி நானும் அப்படித்தான்.

மூணு “டெவ்” பொதியையும் போட்டோம். அது மட்டும் போதாது, மெசான் பழைய முடிவுகளை ஞாபகம் வச்சிருக்கும். “மெசான் செட்டப் மைனஸ் மைனஸ் வைப் பில்ட்” கொடுத்தா சிலேட்டை அழிச்சிட்டு மறுபடி தேடும். சுருக்கத்துல மூணும் “யெஸ்” ஆச்சு. முதல் தடவைங்கிறதால சோதனைகளையும் ஆவணங்களையும் அணைச்சு வச்சோம், அதுக்கு விருப்பத்தேர்வுகள் இருக்கு. கட்டுற வேலை நல்லாவே குறையும்.

இங்க என்னோட முதல் ஆலோசனை: சிவப்பு வரியை மட்டும் படிக்காதீங்க. கட்டுறதுக்கு முன்னாடி வர்ற சுருக்கத்தைப் படிங்க. அஞ்சு நிமிஷம் ஆகும், ஒரு நாள் மிச்சமாகும்.

[15:40] கொன்னது யாரு?

இப்போ நிஞ்ஜா ஓடுது. ரெண்டு நிமிஷத்துல மவுஸ் நகரலை. கொஞ்ச நேரம் கழிச்சு அதே வார்த்தை, “கில்டு”. எனக்குப் பழைய ராத்திரி ஞாபகம் வந்துருச்சு.

இந்தத் தடவை தேடினோம். கொன்னது லினக்ஸ் கெர்னல்தான். ரேம் தீர்ந்து போய் மொத்த கணினியும் உறையப் போகுதுன்னா, அதிகமா நினைவகம் பிடிச்சிருக்கிற ஒரு வேலையைக் கெர்னல் நிறுத்தும். சி++ கம்பைலர் சில கோப்புகளுக்கு நிறைய ரேம் கேட்கும். நிஞ்ஜா நம்மகிட்ட கேட்காமலே பல வேலையை ஒரே நேரத்துல ஓட்டும்: ரெண்டு கோர் இருந்தா மூணு வேலை, அதுக்கு மேல இருந்தா கோர் எண்ணிக்கையோட இன்னும் ரெண்டு. எங்க லேப்டாப்புக்கு ரெண்டு கோர். பக்கத்துல உலாவியில எட்டு டேப் வேற. 4 ஜிபி எங்க பத்தும்?

தீர்வு ரெண்டு எழுத்து: “மைனஸ் ஜே 1”. ஒரு நேரத்துல ஒரு வேலை. உலாவியை மூடினோம். கூடவே ஒரு 4 ஜிபி ஸ்வாப் கோப்பும் போட்டுக்கிட்டோம். அவ்வளவுதான். கடைசி வருஷத்துல என்னைத் தோற்கடிச்சது ஒரு விருப்பத்தேர்வு. மெஷின் இல்லை. அந்தப் பெரிய மென்பொருள் “மைனஸ் ஜே 1”ல ரெண்டு நாள் எடுத்திருக்கலாம், அது வேற விஷயம். ஆனா “ஆகாது”ங்கிறதும் “மெதுவா ஆகும்”ங்கிறதும் ஒண்ணு இல்லையே.

பாதியில கரண்ட் போச்சு. பேட்டரி பத்து நிமிஷம்கூட நிக்காது. தம்பி தலையில கைவச்சான். நான் கண்ட்ரோல்-சி கொடுத்து நிறுத்தி, ஒழுங்கா ஷட்டவுன் பண்ணச் சொன்னேன். சித்தி உள்ள இருந்து, “ஏல, ரெண்டு பேரும் வந்து சாப்பிட்டுட்டு அப்புறம் நோண்டுங்க”ன்னாங்க. சாப்பிட்டு வந்தோம், கரண்ட்டும் வந்துச்சு. நிஞ்ஜாவைத் திரும்ப ஓட்டினோம். விட்ட இடத்துல இருந்து தொடர்ந்துச்சு. பில்ட் கருவின்னு ஒண்ணு இருக்கிறதே இதுக்குத்தான். எது முடிஞ்சுது, எது மாறியிருக்குன்னு அது கணக்கு வச்சிருக்கும், முடிஞ்சதைத் திரும்பச் செய்யாது.

மொத்தம் ஒரு 35 நிமிஷம் ஓடியிருக்கும். இந்தத் தடவை கருவி இருந்துச்சு.

ஒரு எச்சரிக்கை. இந்த இடத்துல பல வழிகாட்டிகள்ல “சூடோ” போட்டு இன்ஸ்டால் பண்ணச் சொல்லியிருக்கும். பண்ணாதீங்க. உங்க டெஸ்க்டாப்ல இருக்கிற மெனு, ஜன்னல் தலைப்பு எல்லாத்துலயும் எழுத்தைக் காட்டுறதே இந்த ஹார்ஃப்பஸ்தான். நீங்க கட்டினதை சிஸ்டத்துல போட்டா, டெஸ்க்டாப் உங்களோடதை எடுத்துக்க ஆரம்பிக்கலாம். நாளைக்கு நீங்க அதுல ஒரு தப்புப் பண்ணா, தப்பைத் திருத்துறதுக்குத் திறக்கிற எடிட்டர்லயே எழுத்து தெரியாமப் போகலாம். கட்டினது “பில்ட்” கோப்புறைக்குள்ளேயே இருக்கட்டும், அங்கிருந்தே ஓட்டுங்க. பிடிக்கலைன்னா அந்தக் கோப்புறையை அழிச்சா போதும், கணினியில சுவடே இருக்காது.

[19:20] ரெண்டு குடுத்தா மூணு வருது

ஹெச்.பி. ஷேப்புக்கு ரெண்டு விஷயம் கொடுக்கணும்: ஒரு எழுத்துருக் கோப்பு, ஒரு உரை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தோம். முதல் உரை, “கு”. யூனிகோடுல அது ரெண்டு குறியீடு: க, அப்புறம் உகரக் குறி. வெளியில வந்தது ஒரே ஒரு உருவம். அடுத்து “கொ”. உள்ள போனது ரெண்டு குறியீடு: க, ஒகரக் குறி. வெளியில வந்தது மூணு: முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால்.

தம்பி ரெண்டு நிமிஷம் திரையையே பார்த்துக்கிட்டு இருந்தான். “அண்ணே, நாம எழுதுறப்ப கொம்புதான் முதல்ல போடுவோம். கம்ப்யூட்டருக்குள்ள க முதல்ல இருக்கு. யாரோ ஒருத்தர் இதைத் திருப்பி வைக்கிறாங்க, என்ன?” ஆமா. அந்த “யாரோ” இப்போ உன் லேப்டாப்ல, நீ கட்டினது.

பிறகு ஔவையாரைக் கொடுத்துப் பார்த்தோம். இது தமிழ் தட்டச்சுல தினமும் நடக்கிற விஷயம். ஔங்கிறது யூனிகோடுல தனி எழுத்து. ஆனா நிறைய பேர் ஒ போட்டு, பக்கத்துல ள போட்டுடுவாங்க. பல எழுத்துருவுல கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தேடினா மட்டும் கிடைக்காது. ஹெச்.பி. ஷேப் முன்னாடி அந்த வேஷம் கலைஞ்சிருச்சு: சரியான ஔவுக்கு ஒரு உருவம், ஒ-ளவுக்கு ரெண்டு உருவம்.

மூல நிரலுக்குள்ள தமிழ்ங்கிற சொல்லைத் தேடச் சொன்னேன், கிரெப் போட்டு. இந்திய மொழிகளுக்கான கோப்பு வந்துச்சு. அதுக்குள்ள ஒரு சின்னப் பட்டியல். “இவற்றைப் பிரிக்காதே”ன்னு ஒரு குறிப்பு, கீழே நாலு எழுத்து. தேவநாகரியில ஒண்ணு, வங்காளத்துல ரெண்டு, தமிழ்ல ஒண்ணு. அந்தத் தமிழ் எழுத்து எதுன்னு நினைக்கிறீங்க? ஔ! யூனிகோடு விதிப்படி ஔவை ஒ-வாகவும் ஔகார நீட்டல் குறியாகவும் பிரிக்கலாம். பிரிக்காதேன்னு யாரோ உட்கார்ந்து எழுதியிருக்காங்க. இன்னொரு இடத்துல மலையாளத்தையும் தமிழையும் சேர்த்து ஒரு குறிப்பு: இந்த ரெண்டுக்கும் இந்தியில இருக்கிற மாதிரி அரை உருவம் கிடையாதுன்னு.

உலகத்துல இருக்கிற இத்தனை போன், இத்தனை கணினிக்குப் போற நிரல்ல நம்ம எழுத்துக்குன்னு தனியா ரெண்டு வரி. அதை எழுதினவங்களுக்கு இது எவ்வளவு சாதாரணமோ, ராயகிரித் திண்ணையில படிச்சவனுக்கு அது அவ்வளவு பெருசா இருந்துச்சு.

[22:10] செட்டப் எப்போ முடியுது?

இந்த எபிசோடுல நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். எல்லாப் பொதியும் போட்டாச்சு, நிஞ்ஜா வெற்றின்னு சொல்லிருச்சு, கருவியும் ஓடுது. செட்டப் முடிஞ்சுதா? இல்லை. நீங்க ஒரு வரி மாத்தி, திரும்பக் கட்டி, அந்த மாற்றம் உங்க கண்ணுக்குத் தெரியுற வரைக்கும் செட்டப் முடியலை.

ஞாயிற்றுக்கிழமை காலையில அதைத்தான் பண்ணோம். ஹெச்.பி. ஷேப்போட மூலக் கோப்பைத் திறந்து, ஆரம்பத்துல “ராயகிரியிலிருந்து வணக்கம்”னு அச்சிடுற ஒரு வரி சேர்த்தான். நிஞ்ஜா ஓட்டினான். 35 நிமிஷம் ஆகும்னு நினைச்சு தண்ணி குடிக்க எந்திரிச்சான். செம்பை எடுக்கிறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. ஒரே ஒரு கோப்புதானே மாறியிருக்கு. அந்தக் கோப்பை மட்டும் கட்டி, இணைச்சு, வேலையை முடிச்சிருச்சு. ஓட்டினா, முதல் வரியில ஊர்ப் பெயர்.

இதுல ஒரு பாடமும் உடனே கிடைச்சுது. அடுத்து அவன் ஒரு தலைப்புக் கோப்புல ஒரே ஒரு காலி வரி சேர்த்தான். நிஞ்ஜா ஏறக்குறைய எல்லாத்தையும் முதல்ல இருந்து கட்ட ஆரம்பிச்சிருச்சு. ஏன்னா அந்தத் தலைப்பை எல்லாக் கோப்பும் சேர்த்துக்குது. எந்தக் கோப்பைத் தொட்டா எவ்வளவு நேரம் போகும்ங்கிறதை இப்படித் தொட்டுப் பார்த்துதான் கத்துக்க முடியும். இதுக்குத் துணையா சி-கேஷ்னு ஒரு கருவி இருக்கு. ஒரு தடவை கம்பைல் பண்ணதைச் சேர்த்து வச்சுக்கும், அதே நிரல் திரும்ப வந்தா எடுத்துக் கொடுத்துரும். மெதுவான கணினி வச்சிருக்கிறவங்க அவசியம் போடுங்க.

கடைசியா, உரை தமிழா இருந்தா மட்டும் ஒரு வரி அச்சிடணும்னு இந்திய மொழிக் கோப்புக்குள்ள ஒரு நிபந்தனை எழுதினான். ரெண்டு தடவை தப்பாச்சு. ஒரு தடவை அரைப்புள்ளி விட்டுட்டான், இன்னொரு தடவை எழுதின இடமே தப்பு. ஆனா ஒவ்வொரு தடவையும் தப்பு என்னன்னு ஒரு நிமிஷத்துக்குள்ள தெரிஞ்சுது. மூணாவது தடவை வந்துச்சு. இந்தி உரை கொடுத்தா அமைதி, தமிழ் கொடுத்தா வரி.

மாத்து, கட்டு, பார். இந்தச் சுற்றுதான் டெவலப்மென்ட் என்விரான்மென்ட். மிச்சமெல்லாம் அதுக்கான சாமான். இந்தச் சுற்று உங்க கணினியில எத்தனை நிமிஷத்துல சுத்துதுங்கிறதுதான் அளவு. 64 ஜிபி ரேம் இருந்தும் ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம் ஆகுற புராஜெக்டை எடுத்தா நீங்க சோர்ந்துருவீங்க. 4 ஜிபியில ஒரு நிமிஷத்துல சுத்துற புராஜெக்டை எடுத்தா ஒரு ராத்திரியில ஐம்பது தடவை தப்புப் பண்ணலாம். கத்துக்கிறவனுக்கு அந்த ஐம்பது தப்புதான் வேணும். அதனால மெஷினைப் பார்த்து ஆசையைக் குறைக்காதீங்க, மெஷினைப் பார்த்து புராஜெக்டைத் தேர்ந்தெடுங்க.

[25:30] முடிவாக

இந்த வாரம் ஒரு வீட்டுப்பாடம். சின்னதா ஒரு கட்டற்ற மென்பொருளை எடுங்க, ஹார்ஃப்பஸ்தான்னு இல்லை. கட்டுங்க. சுருக்கத்தைப் படிங்க. உங்க ஊர் பெயர் அச்சாகிற மாதிரி ஒரு வரி மாத்துங்க. அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம், அது உங்களுக்கு மட்டும். ஒவ்வொரு படியிலும் என்ன கட்டளை கொடுத்தீங்க, என்ன பிழை வந்தது, எப்படித் தீர்ந்ததுன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. தம்பி அதை ஒரு நாற்பது பக்க நோட்டுல எழுதினான். அடுத்த தடவை ரெஸ்யூமேல அந்த ஒரு வரியைப் பத்தி யாராவது கேட்டா, அந்த நோட்டுல இருக்கிறதைச் சொன்னாலே போதும்.

தனியா மாட்டிக்கிட்டா கேளுங்க. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு, விழுப்புரம் குழு, சென்னைக் குழுன்னு தமிழ்நாட்டுல ஆட்கள் இருக்காங்க. தமிழ்லயே கேட்கலாம். கேட்கும்போது “ஆகலை”ன்னு மட்டும் சொல்லாதீங்க. கொடுத்த கட்டளையையும் வந்த முழுப் பிழையையும் ஒட்டுங்க.

எனக்கும் ஒரு வீட்டுப்பாடம் கிடைச்சிருக்கு. நமக்குப் பின்னால வர்றவங்ககிட்ட “இதுல ஆகாது”ன்னு சொல்றதுக்கு முன்னாடி, நாம எத்தனை தடவை முயற்சி பண்ணோம்னு எண்ணிப் பார்க்கணும். நான் ஒரு தடவைதான் பண்ணியிருந்தேன். அதுவும் தூங்கிக்கிட்டே.

பஸ் ஏற முன்னாடி தம்பிகிட்ட, “அடுத்து என்னடா பண்ணப் போற?”ன்னு கேட்டேன். “அணைச்சு வச்ச டெஸ்ட்டையெல்லாம் இன்னிக்கு ராத்திரி ஓட்டிப் பாக்கப் போறேண்ணே. மைனஸ் ஜே 1தான். மெதுவா ஓடட்டும்”னான்.

அடுத்த எபிசோடுல, அந்தச் சோதனைகளை எப்படிப் படிக்கிறது, ஒரு பிழையை எப்படிப் புகாரா எழுதுறதுன்னு பேசுவோம்.